காய்ந்த தரையில் ஒரு கொடி

சட்டையில் குத்திக்கொள்ளும் அந்த மரகத ப்ரூச்சின் விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.

விலை மதிக்கவே முடியாதது என்றுதான் மியூசியத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஷூரன்ஸ்காரன் வந்தான். மதித்துவிட்டுப் போனான்!

வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு இருபத்தைந்து. சார்ல்ஸ்டன் நகரத்தின் டன்ஸ்டன் மாளிகை. இருநூறு வருஷத்து வீடு, இப்போது மியூசியம்.

"ஐயோ...! போச்சு! ப்ரூச் போச்சு!"

அலறியவள் மிஸஸ் விண்டர்ஸ். மாளிகையைச் சுற்றிக் காட்டுபவள், வாசல் கடையில் பொம்மை விற்பவள், சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான்.

கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது.

உள்ளே வெல்வெட் மெத்தை. அதில் ப்ரூச் கிடந்த பள்ளம்.

பள்ளம் மட்டும்!

அதே நேரம்... ஐந்து தெரு தள்ளி...

'டக்... டக்... டக்...'

மேபல் என்கிற கோவேறு கழுதை, ஆறு பேர் உட்கார்ந்த வண்டியைச் சோம்பலாக இழுத்துக்கொண்டிருந்தது. மாளிகையைப் பார்த்து முடித்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் வண்டி.

முன் வரிசையில் நார்பர்ட் ஹாஸ்க், அவர் மனைவி லூயெல்லா. ஒஹாயோக்காரர்கள். கல்யாணமாகி அன்றோடு முப்பத்தைந்து வருஷம். பின் வரிசையில் ஒரு பல் டாக்டர், தன் குடும்பத்தோடு.

நார்பர்ட் முப்பது வருஷம் பழைய கார் விற்றவர். போர்டில் போட்ட விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"அந்தக் கூடைக்காரம்மா கிட்ட தோத்துட்டியே, நார்ப்!" லூயெல்லா மடியிலிருந்த புல் கூடையைத் தடவினாள். காலையில் மார்க்கெட்டில் வாங்கியது.

"தோக்கல. விட்டுக் குடுத்தேன்."

"நீ தொண்ணூறுக்குக் கேட்ட. அந்தம்மா நூத்தி இருபதுன்னுச்சு. நீ நூறுன்னே. அந்தம்மா நூத்தி முப்பதுன்னுச்சு!"

"அது பேரமே இல்ல, லூ. மிரட்டல்!"

வண்டிக்காரன் க்ளைட் திரும்பிச் சிரித்தான். நாற்பது வயது. வைக்கோல் தொப்பி. காலடியில் மிஸஸ் விண்டர்ஸ் கொடுத்தனுப்பிய எள் பிஸ்கட் பை. பயணிகளுக்கும் ஆளுக்கொரு பை கொடுத்திருந்தாள். லூயெல்லாவின் பையை மட்டும் மிஸஸ் விண்டர்ஸே கூடைக்குள் வைத்து, கன்னத்தைத் தட்டி அனுப்பியிருந்தாள்.

ட்ராட் தெரு முனை.

க்ளைட் சட்டென்று குனிந்தான். அடியில் கனமான குண்டு வைத்த ஒரு சின்னக் கொடியை எடுத்துத் தெருவில் போட்டான். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

"ட்ராட் முனையில ஒரு கொடி. வந்து கழுவிட்டுப் போங்க."

சார்ல்ஸ்டன் சட்டம் அது. வண்டி இழுக்கிற ஜீவன் நடுத்தெருவில் ஒன்றுக்குப் போனால், வண்டிக்காரன் அந்த இடத்தில் கொடி போட வேண்டும். நகர லாரி வரும். மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவும். கொடியை எடுத்துக்கொண்டு போகும்.

பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நடைபாதையில் வந்த இரண்டு பெண்கள் கொடியைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

லூயெல்லா மட்டும் எட்டிப் பார்த்தாள்.

புருவத்தைச் சுருக்கினாள்.

"நார்ப்... இது..."

சொல்லி முடிப்பதற்குள்...

'வீ...ங்... வீ...ங்...'

சர்ச் தெருவுக்குள் திரும்பிய வண்டிக்குக் குறுக்கே போலீஸ் கார் வந்து நின்றது!

இறங்கியவள் டிடெக்டிவ் ஒடெசா பிங்க்னி. ஐம்பது வயது, ஆறடி உயரம். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் வெயிலிலேயே வெந்தவள்.

"யாரும் இறங்காதீங்க கண்ணுங்களா. ஒரு ப்ரூச் காணோம். பார்த்துட்டு விட்டுடறேன்."

பத்து நிமிஷம் சோதனை.

பல் டாக்டரிடம் பல் குத்தும் குச்சிகள். க்ளைட்டிடம் பாதி காலியான பிஸ்கட் பை. நார்பர்ட்டின் கோட்டுப் பையில்...

ஒரு சின்ன அட்டைப் பெட்டி!

போலீஸ்காரர் திறந்தார். டிஷ்யூ காகிதத்தை விலக்கினார். பச்சைக் கல் பளிச்சிட்டது.

"மேடம்! கிடைச்சிருச்சு!"

"ஷ்ஷ்...! கத்தாதீங்க சார்!" நார்பர்ட் பதறி, லூயெல்லாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "அது நகல். மியூசியம் கடையில வாங்கினது. இந்தாங்க ரசீது. ராத்திரி டின்னர்ல குடுக்கலாம்னு மறைச்சு வெச்சிருக்கேன்!"

ஒடெசா ரசீதை வாங்கிப் பார்த்தாள். "இருபத்தெட்டு டாலரா? கடையில முப்பத்தஞ்சுன்னுல்ல போட்டிருக்கும்?"

"போடுவாங்க. அரை மணி நேரம் நின்னா குறைப்பாங்க."

ஒடெசா மியூசியத்துக்குப் போன் போட்டாள். மிஸஸ் விண்டர்ஸின் குரல் விம்மியது.

"ஆமாம்மா... நான்தான் வித்தேன். அந்த மனுஷன் என் உயிரை வாங்கிட்டான். அது வெறும் கண்ணாடி. விட்டுடுங்க!"

விட்டுவிட்டார்கள்.

கடைசியாக லூயெல்லாவின் கூடை.

ஒடெசா பிஸ்கட் பையைத் தூக்கினாள். அடியில் கறுப்பு வெல்வெட் உறை. மேலே தங்க நூலில் டன்ஸ்டன் மாளிகையின் முத்திரை.

உறை காலி.

"இது என்னம்மா?"

"எனக்குத் தெரியாது."

"எல்லாரும் இந்தப் பாட்டைத்தான் பாடுவாங்க. ப்ரூச்சை எங்க போட்டீங்க?"

"நான் எடுக்கவே இல்லம்மா!"

ஒடெசா பெருமூச்சு விட்டாள். "பார்த்தா நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா உறை உங்க கூடையில இருக்கு. வண்டியில ஏறுங்க. இன்னிக்கு ராத்திரி லாக்கப்."

"லாக்கப்பா?" நார்பர்ட்டின் குரல் உடைந்தது. "இன்னிக்கு எங்க கல்யாண நாள், மேடம்! ஏழு மணிக்கு டேபிள் சொல்லி வெச்சிருக்கேன். அவளை விட்டுடுங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

"ஒருத்தருக்குப் பதில் ஒருத்தரா? சார், இங்கயுமா பேரம்?"

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க! அதுக்கு மேல என்னால இறங்க முடியாது!"

லூயெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் விலையை ஏற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பிறகு கழுதையைப் பார்த்தாள்.

"டிடெக்டிவம்மா... ஏறறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"ட்ராட் முனையில இவர் எதுக்குக் கொடி போட்டார்?"

ஒடெசா சிரித்தாள். "வெளியூரா? கழுதை ஒண்ணுக்குப் போச்சுன்னா..."

"அது தெரியும். ஆனா அது போகலையே!"

க்ளைட்டின் கையிலிருந்த கடிவாளம் நழுவியது.

"நான் கழுதைப் பண்ணையில பொறந்தவ," என்றாள் லூயெல்லா. "எங்கப்பாகிட்ட நாப்பது உருப்படி இருந்துச்சு. இந்த ஜாதி ஒண்ணுக்குப் போகணும்னா நிக்கும். பின்னங்காலை அகட்டும். உலகமே இடிஞ்சாலும் நகராது. மேபல் அங்க நிக்கவே இல்லம்மா. நடந்துக்கிட்டே இருந்துச்சு. கொடி விழுந்த தரை காய்ஞ்சு கிடந்துச்சு!"

"கிழவிக்குக் கண்ணு தெரியல!" க்ளைட் கத்தினான். "மேபல் போச்சு. நான் பார்த்தேன். வேணும்னா போய்த் தரையைப் பாருங்க, ஈரமா இருக்கும்!"

"லாரி கழுவியிருக்கும். ஈரமாத்தான் இருக்கும்," என்றாள் ஒடெசா மெதுவாக. "உங்க பேச்சுக்கு ஆதாரம் வேணுமேம்மா."

"ஆதாரம் அது வயித்துக்குள்ள இருக்கு. பாருங்க, கால் மாத்திக் கால் மாத்தி நிக்குது. பாவம், அடக்கிட்டிருக்கு."

"அதை எப்படி வெளியில எடுக்கறது?"

"எங்கப்பா பழக்கின விதம் ஒண்ணு இருக்கு."

லூயெல்லா இறங்கினாள். மேபலின் கழுத்தைத் தடவினாள். உதட்டைக் குவித்தாள்.

'ஸ்...வீ...ய்...'

மெல்லிய, நீளமான விசில்.

மேபலின் காதுகள் விறைத்தன.

'ஸ்...வீ...ய்...'

பின்னங்கால்கள் அகன்றன...

அடுத்த நொடி... வெள்ளம்!

சர்ச் தெருவே நனைந்தது. பல் டாக்டர் குடும்பம் சீட் மேல் ஏறி நின்றது. ஒடெசாவின் பளபளப்பான ஷூவைச் சுற்றி நுரை.

அரை நிமிஷம்... முக்கால் நிமிஷம்... நிற்கவில்லை!

"அம்மாடி!" என்றார் போலீஸ்காரர். "இருபது நிமிஷத்துக்கு முன்னாடி போன கழுதைக்கு இவ்வளவு எங்கேர்ந்து வந்துச்சு?"

க்ளைட் குதித்தான். ஓடினான்.

இரண்டே எட்டு. ஈரத்தில் கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தான்!

"இதுக்கு யாரு கொடி போடறது?" என்று கேட்டார் நார்பர்ட்.

ஒடெசா வயர்லெஸ்ஸில் பொரிந்து தள்ளினாள். பத்தே நிமிஷம். கழுவுகிற லாரியை மடக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டியவன் க்ளைட்டின் அண்ணன். சீட்டுக்கு அடியில் ட்ராட் முனைக் கொடி. குண்டோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய டிஷ்யூ பொட்டலம்.

உள்ளே ப்ரூச்!

"அடப்பாவி," என்றாள் ஒடெசா. "அந்தக் கொடியைப் பார்த்தா இந்த ஊர்ல கைக்குழந்தைகூட கிட்ட போகாது. நானே போக மாட்டேன். பேங்க் லாக்கரை விட பத்திரம்! அது சரி, இடத்தை முன்கூட்டியே பேசி வெச்சுக்க வேண்டியதுதானே?"

"எப்படி வெச்சுக்கறது?" க்ளைட் நனைந்த கோழி மாதிரி முனகினான். "தினமும் குலுக்கல்ல உருண்டை எடுத்துத்தான் எந்த வண்டிக்கு எந்தத் தெருன்னு சொல்றாங்க. கிளம்பற வரைக்கும் எனக்கே தெரியாது. கொடி போட்டுட்டு வாக்கிடாக்கியில சொன்னா, அண்ணன் வந்து எடுத்துக்குவான். விண்டர்ஸம்மாவோட யோசனை. பிஸ்கட் பையில போட்டுக் குடுத்ததும் அவங்கதான். வெறும் உறையை இந்தம்மா கூடையில போட்டதும் அவங்கதான்!"

மிஸஸ் விண்டர்ஸைக் காரில் கொண்டுவந்தார்கள். விம்மல் போன இடம் தெரியவில்லை.

"நகலை உள்ளே வெச்சுட்டு அசலை எடுத்திருக்கலாமே?" என்றாள் ஒடெசா.

"நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் மறுபடி பார்க்க வரான். நகல்னா கண்டுபிடிப்பான். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால டூரிஸ்ட் எவனாவது திருடின மாதிரி இருக்கணும்!" அவள் நார்பர்ட்டை முறைத்தாள். "எல்லாம் சரியாத்தான் போச்சு... இந்தக் கஞ்சன் கடைக்குள்ள வர்ற வரைக்கும்!"

"என்னம்மா சொல்றீங்க?"

"அசலைக் காகிதத்துல சுத்திக் கையில வெச்சிருக்கேன். வாசல்ல வண்டி நிக்குது. இவன் வந்து ஏழு டாலருக்கு அரை மணி நேரம் என் மூளையைத் தின்னான்!"

ஒடெசா மீட்ட ப்ரூச்சை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

"விண்டர்ஸம்மா... முன்னூறு வருஷத்து மரகதத்துக்குப் பின்னாடி இது என்ன ஸ்டிக்கர்?"

சின்ன மஞ்சள் ஸ்டிக்கர்.

முப்பத்தைந்து டாலர்!

மிஸஸ் விண்டர்ஸின் வாய் திறந்தது. மூடவில்லை.

கவுண்டரில் இரண்டு டிஷ்யூ பொட்டலங்கள். எரிச்சலில் எதை எங்கே போட்டோம் என்று அவள் பார்க்கவே இல்லை!

எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின.

நார்பர்ட்டின் கோட்டுப் பையை நோக்கி.

அவர் பெட்டியைத் திறந்தார். ப்ரூச்சைத் திருப்பினார்.

ஸ்டிக்கர் இல்லை.

"லூ... கல்யாண நாள் வாழ்த்துகள்."

லூயெல்லாவுக்குக் கண் கலங்கியது. "நகையா? எனக்கா? முப்பத்தஞ்சு வருஷத்துல நீ எனக்கு வாங்கிக் குடுத்தது டயரும் பேட்டரியும்தானேடா!"

நார்பர்ட் மெல்ல அவள் சட்டையில் அதைக் குத்திவிட்டார்.

ஒடெசா தொண்டையைச் செருமினாள். எதிரேயிருந்த சர்ச் கோபுரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

சர்ச் தெரு வெயிலில் மரகதம் பச்சையாய் எரிந்தது.

பிறகு ஒடெசா கை நீட்டினாள். "குடுங்கம்மா."

"ரசீது இருக்கு!" என்றார் நார்பர்ட். "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கு!"

"திருட்டுப் பொருள் சார். மியூசியத்துக்குப் போகும்."

"அப்ப அந்த நகலைக் குடுங்க."

"அது சாட்சிப் பொருள். கோர்ட்டுக்குப் போகும்."

"என் இருபத்தெட்டு டாலர்?"

"வித்தவங்க ஜெயிலுக்குப் போறாங்க. அங்க போய்க் கேளுங்க."

நார்பர்ட் வாயைத் திறந்தார். லூயெல்லா அவர் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"கணக்கை நான் சொல்றேன், கேட்டுக்கோ. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். நகை ஒண்ணு. போட்டிருந்தது பதினோரு நொடி. பாக்கி ஏழு மணி டின்னர். அங்க மட்டும் பில்லைப் பார்த்துட்டு நீ பேரம் பேச ஆரம்பிச்சே..."

"ஆரம்பிச்சா?"

"விசில் அடிச்சிடுவேன்!"