வீரம்மா சித்தியின் லைசென்ஸ்

வீரம்மா சித்தி லண்டனிலிருந்து வருவதற்கு ஒரு மாதம் முன்பே, அவர் கார் ஓட்டுகிறார் என்ற செய்தி ஈப்போ பக்கத்தில் இருக்கும் எங்கள் குனோங் ராபாட் முழுவதும் ஓடிவிட்டது. ஓடவிட்டது வேறு யாருமில்லை, எங்கள் அம்மாதான்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. 1974இல் நர்ஸ் படிப்புக்காக விமானம் ஏறியவர், ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் வருகிறார். போன மாசியில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அதில் ஒரு சிவப்புக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்பக்கத்தில், "அக்கா, நான் கார் ஓட்டுகிறேன்" என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வரி போதாதா! எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அம்மா அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அதோடு விட்டாரா? சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார். அம்மாவும் சித்தியும் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆடி மாதத் திருவிழாவுக்கு எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள்.

"இந்த வருசம் திருவிழாவுக்கு என் தங்கச்சிதான் காரோட்டி என்னையக் கூட்டியாருவா. பாத்துக்கிட்டே இருங்க!" என்பதுதான் அம்மா அனுப்பிய செய்தி.

சித்தி வந்தார். எனக்கு ஒரு பெரிய டின் நிறைய சாக்லேட் கொண்டுவந்தார். அதனால் அவர் என்ன செய்தாலும் அவர் பக்கம்தான் நிற்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். எங்களுக்கு ஒரு பழைய டாட்சன் காரும் இருந்தது. அப்பா அதைக் கழுவித் துடைத்து, சாவியைச் சித்தியிடம் நீட்டினார்.

"இந்தா வீரம்மா, ஞாயித்துக்கெழமை திருவிழாவுக்கு நீதான் ஓட்டணும். இப்ப சும்மா உக்காரு, உங்கக்கா பாக்கணுமாம்."

சித்தி உட்கார்ந்தார். "ஹார்ன் அடிடி!" என்றார் அம்மா. சித்தி எதையோ அமுக்கினார். வெயில் கொளுத்தும் நேரத்தில் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் கிரீச் கிரீச்சென்று ஆடியது.

"லண்டன் கார்ல வேற மாதிரி இருக்கும்லா" என்று அப்பா சமாதானம் சொன்னார். சித்தி அவசரமாக இறங்கினார்.

"மச்சான், ஒண்ணு மறந்துட்டேன். வெளிநாட்டுல ஓட்டணும்னா இன்டர்நேஷனல் லைசென்ஸ் வேணுமே! நான் இப்ப இங்க டூரிஸ்ட்டு மாதிரிதானே? எங்கிட்ட அது இல்ல."

அம்மாவின் முகம் வாடிப்போனது. அப்பாவுக்கும் அதைப் பற்றித் தெரியாது. தெரியாத விஷயம் என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் போகும் இடம் பக்கீர் பாயின் ஒட்டுக்கடை என்ற சாலையோரத் தேநீர்க்கடை. அப்பா போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"அது உலகத்துக்கே ஒரே லைசென்ஸு அண்ணே. அது இருந்தா நிலாவுல கூட ஓட்டலாம்" என்றார் ஒருவர்.

"சும்மா இருலா! எல்லை தாண்டி சயாமுக்குப் போறவனுக்குத்தான் அது. லண்டன் லைசென்ஸ் இங்க செல்லும்" என்றார் சன்னாசி அண்ணன்.

"நீ லண்டனுக்குப் போயிருக்கியா?"

"நீ நிலாவுக்குப் போயிருக்கியா?"

பக்கீர் பாய் இரண்டு பேருக்கும் நடுவில் தேநீரை வைத்தார். "சின்னையாண்ணே, இவங்க பேச்சக் கேட்டா நீங்க ஞாயித்துக்கெழமை நடந்துதான் போவணும். அந்த லைசென்ஸ் குடுக்குற ஆபிஸ்லயே போயி கேளுங்க."

மறுநாள் ஈப்போவில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனோம். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சீன மாமா எங்களிடம் சாம்பல் நிறப் புத்தகம் ஒன்றைக் காட்டி, மலாயில் பொறுமையாக விளக்கினார். அது தனி லைசென்ஸ் இல்லையாம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸை மற்ற நாட்டுப் போலீஸும் படிப்பதற்காகப் பல மொழிகளில் எழுதிக் கொடுப்பதாம். சொந்த லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பே இல்லையாம்.

"லண்டன்காரர் அதை லண்டனிலேயே எடுத்திருக்க வேண்டும். பரவாயில்லை, அவருடைய லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டட்டும். அதை வைத்து இங்கே ஓட்டலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "வீரம்மா! ஒன்னோட லண்டன் லைசென்ஸ எடு. அதக் காட்டுனா போதும்!"

சித்தி தன் பெட்டியைத் திறந்தார். "இதுலதான் எங்கயோ வச்சேன்" என்று தேட ஆரம்பித்தார். அம்மாவும் கூடச் சேர்ந்து தேடினார். பிறகு அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினார்.

நான் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரோஸ் நிற ஸ்வெட்டரை இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் வைத்தார். பிறகு வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் வைத்தார். மூன்றாவது முறையும் அதையே எடுத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

"சித்தி, வீட்டுப்பாடம் செய்யாத அன்னிக்கு நான் இப்படித்தான் பைக்குள்ள தேடுவேன்" என்றேன்.

சித்தியின் கை நின்றது. சிரிக்கப் பார்த்தார். ஆனால் கண்ணீர்தான் வந்தது.

"ரெண்டு தடவ டெஸ்டுக்குப் போனேன் மங்களம். ரெண்டு தடவையும் ஃபெயிலு."

"அப்ப அந்தச் சிவப்புக் கார்?"

"கத்துக்குடுக்குற ஸ்கூல் கார். மொத மொதலா ஓட்டின சந்தோசத்துல அப்படி எழுதிட்டேன். அக்கா அதச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்துல மாட்டும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாகிட்ட சொல்லிடுங்களேன்."

"எப்படிடி சொல்றது? சிலிம் ரிவர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கு. என்னால அக்கா தலைகுனிஞ்சி நிக்கணுமா?" சித்தி குரலைத் தாழ்த்தினார். "பேசாம மெதுவா ஓட்டிப் பாத்துடலாமான்னு தோணுது."

சிலிம் ரிவர் போகும் வழியில், தாப்பா பக்கம் மரக்கட்டை லாரிகள் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில், ஹார்னுக்குப் பதில் வைப்பரைப் போடுகிற சித்தியா?

"யாருகிட்டயும் சொல்லிடாத மங்களம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களும் ஓட்டக் கூடாது" என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் முடியாது. சாயங்காலம் முழுக்க யோசித்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க லைசென்ஸ் எடுக்க எத்தன தடவ டெஸ்டுக்குப் போனீங்க?"

அம்மாவுக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. "கேளு, நல்லாக் கேளு!"

"நாலு" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "மூணாவது தடவ பின்னால எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். டெஸ்டு வச்சவரோட சைக்கிள் மேலயே ஏத்திட்டேன்."

"நாலாவது தடவைக்கு முன்னாடி நான் கோயில்ல தேங்கா ஒடச்சேன். தேங்கா அழுகல்!" என்றார் அம்மா. அவருக்குப் புரையேறிவிட்டது.

"ஃபெயிலானதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லியாப்பா?"

"அப்ப இருந்துச்சு. மூணு நாளு ஒங்கம்மாகிட்ட சொல்லாமலே சுத்துனேன். ஒரு நாள் முடியாம சொல்லிட்டேன். ஒங்கம்மா தட்டுல சோத்தப் போட்டுட்டு, அடுத்த டெஸ்டு எப்பன்னு கேட்டுச்சு."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "அக்கா, நானும் ரெண்டு தடவ ஃபெயிலு" என்றார். "எங்கிட்ட லைசென்ஸே இல்ல. நான் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மா எழுந்து போய் அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்றார். கழற்றிவிடப் போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து உருளைக்கிழங்குப் பிரட்டல் சட்டியோடு வந்துகொண்டிருந்தார். சித்தியின் தட்டில் இரண்டு கரண்டி போட்டார்.

"அடுத்த டெஸ்டு எப்ப?" என்றார்.

"அக்டோபர்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் சித்தி அழுதுவிட்டார்.

"அதுக்கு ஏண்டி அழுவுற? இதச் சொல்றதுக்கா அந்தப் பெட்டியப் போட்டு அந்தக் கொடச்சல் கொடஞ்ச?" அம்மா திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டே தன் முந்தானையால் சித்தியின் முகத்தைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் கார் ஓட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். கோயில் வாசலைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. லண்டன் நர்ஸ் கார் ஓட்டி வருவதைப் பார்க்க இருபது பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள்!

கார் நின்றது. ஊருக்கே பெரியம்மாவான ராக்காயி பெரியம்மா முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவர் பேசினால் கோயில் மணி தேவையில்லை.

"என்னா காளியம்மா? தங்கச்சி ஓட்டியாரும்னு சொன்ன, சின்னையா ஓட்டியாராரு?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா காரை விட்டு இறங்கி, புடவையைச் சரிசெய்தார். சித்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"அது இன்னும் டெஸ்டு பாஸாவல பெரியம்மா. அக்டோபர்ல மறுபடியும் போவுது. அஞ்சு வருசம் கழிச்சு வந்திருக்கு. அது முன்னால உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்பப் பேசுறது?"

ராக்காயி பெரியம்மா சித்தியை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு தன் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினார். "நர்சம்மா, இந்த முட்டி ரெண்டு மாசமா வலிக்குது. என்னான்னு பாரேன்."

அவ்வளவுதான். வரிசையாக நின்ற இருபது பேருக்கும் ஏதாவது ஒரு இடத்தில் வலி இருந்தது. சித்தி கோயில் மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். பூசை மணி அடிக்கும்வரை ஒருவரும் நகரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது அக்காவும் தங்கையும் பின்சீட்டில் கைகோத்துக்கொண்டு ஈப்போ வரை ஓயாமல் பேசினார்கள். அதனால் முதன்முறையாக அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் முன்சீட்டு முழுவதும் எனக்கே கிடைத்தது.