வெறுங்கால்

சப்பாத்துகள் நான்கும் இடம் மாறியிருந்தன.

கோபிஷா அவற்றை வாசற்கல்லில்தான் விட்டிருந்தாள். தன்னுடையது ஒன்று கவிழ்ந்து விழுந்ததும், குனிந்து நிமிர்த்தச் சோம்பல்பட்டதும் நினைவிருந்தது. இப்போது நான்கும் உள்ளே, மரப்படிக்கு மேலே, சுவரோரம் இருந்தன. சேறு துடைக்கப்பட்டிருந்தது. நாடாக்கள் உள்ளே செருகப்பட்டிருந்தன. பல வருடமாக அங்கேயே குடியிருப்பவர்களின் சப்பாத்துகள் போல.

"நீங்களோ எடுத்து வைச்சது?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம்," என்றான் சாயிசன் நடு அறையிலிருந்து.

படம் எடுக்கும்போது எதைக் கேட்டாலும் அவன் ஓம் என்பான். வீடு எரிகிறதோ என்று கேட்டாலும்.

அவளுடைய கணவனுக்கு ஜப்பானியப் படங்களில் பைத்தியம். மலைக் கிராமங்களில் நடக்கும் பயங்கரப் படங்கள் என்றால் இன்னும். படம் பிடித்த இடத்தைத் தேடிப் போவான். காட்சியைப் போனில் திறந்து பார்ப்பான். கமெரா நின்ற அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் தானும் ஒன்று எடுப்பான். கலியாணம் முடித்த வருடம் இருவரும் ஜப்பானில் மலைமலையாக அதைத்தான் செய்தார்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால், சுவிஸில், டீட்டிகோனில் அவன் வேலை செய்த களஞ்சியத்தில் பெட்டிகள் சரிந்து அவன் முதுகில் விழுந்தன. அதன் பிறகு வீடு. இழுத்து மூடிய திரைச்சீலை. முதலில் சிரிப்பதை நிறுத்தினான். பிறகு கதைப்பதை. அவள் ஷ்லீரனில் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். மாலையில் திரும்பி வந்து, வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுவிட்டு, திருப்பாமல் நிற்பாள். உள்ளே எதைக் காணப் போகிறேன் என்ற பயம். ஒவ்வொரு நாளும்.

போன வெள்ளிக்கிழமை அவனே அவளைக் கூப்பிட்டான்.

"ஜப்பான் பால்ஸ்தாலுக்குப் பின்னால இருக்கெண்டு உமக்குத் தெரியாதோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பஞ்சம் பிடித்த ஜப்பானியக் கிராமம் ஒன்றைப் பற்றிய படத்தை இங்கே, சோலோதுர்ன் மலைகளுக்குள் எடுத்திருக்கிறார்கள். பனிப்புகாரில் எல்லா மலையும் ஒன்றுதான். ஒரு பழைய பண்ணை வீட்டின் உட்புறத்தை மட்டும் மாற்றிக் கட்டினார்களாம். வீடு இன்னும் அப்படியே நிற்கிறதாம். அந்தச் சிரிப்புக்காக அவள் எங்கே வேண்டுமானாலும் வந்திருப்பாள்.

அவன் அவளை நீ என்பதில்லை, நீர் என்றுதான் சொல்வான். சண்டையிலும் நீர்தான். அவளுடைய தங்கைகள் அதை வைத்துப் பகிடி பண்ணுவார்கள், உன்ரை மனுசன் உனக்கு விண்ணப்பம் எழுதுற மாதிரிக் கதைக்கிறார் என்று.

மலையில் இன்னும் மேலே குடியிருந்த கிழட்டு விவசாயி அந்த வீட்டின் திறப்பைக் கொடுத்தார். தான் இறங்கி வரவில்லை என்றார். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம், தரையெல்லாம் ஆணி என்று ஜேர்மன் மொழியில் நிதானமாக இரண்டு முறை சொன்னார். சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

உள்ளே ஆணி இல்லை. பாய் இருந்தது. அறை முழுக்க, சுவருக்குச் சுவர், தடித்த வைக்கோற் பாய். சாயிசன் சப்பாத்தோடு காலைத் தூக்கினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாயில சப்பாத்தோட ஏறுறதோ? கழட்டுங்கோ."

"அந்தாள் கழட்ட வேண்டாமெண்டவர்."

"அந்தாளுக்குப் பாயைப் பற்றி என்ன தெரியும்?"

அவன் சிரித்தான். கழற்றினான்.

இப்போது அவள் மரப்படியில் நின்று அந்தச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனிப்புகார் முற்றத்தை விழுங்கி, கீழே தெருவில் விட்டு வந்த காரை விழுங்கி, வாசற்கல் வரைக்கும் வந்திருந்தது. பின்னேரம்தான். ஆனாலும் வெளிச்சம் அழுக்குத் தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் ஈர வைக்கோல் மணத்தது. அதற்கு அடியில் அணைந்த புகையின் மணம், அதற்கும் அடியில், நன்றாக மூக்கை வைத்தால் மட்டும் பிடிபடுகிற, பழைய கொழுப்பின் மணம்.

நடு அறையில் தரையைச் சதுரமாகக் குழித்து அடுப்பு அமைத்திருந்தார்கள். பக்கத்தில் விறகுக் குற்றி. அதில் ஒரு கைக்கோடாலி கொத்தி நின்றது. தலையெல்லாம் துரு. சாயிசன் அடுப்புக்கு எதிரே நின்று போனைச் சரித்துக்கொண்டிருந்தான். கன்னம் சிவந்திருந்தது. சின்னப் பெடியன் மாதிரி இருந்தான்.

அவள் கதையைக் கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். பனி கிராமத்தை மூடும். சாப்பாடு முடியும். ஒவ்வொரு மாரியும் வீட்டு ஆள் ஒருவரை இன்னொரு வீட்டு ஆளே கொல்ல வேண்டும். மிச்சப் பேர் சாப்பிட வேண்டும். பிறத்தியாரைத் தொடக்கூடாது.

"பிறத்தியார் எண்டு எப்பிடித் தெரியும்?"

"செருப்போட நிக்கிறவன் பிறத்தியான். வெறுங்காலோட நிக்கிறவன் வீட்டு ஆள்."

அவள் தன் காலைப் பார்த்தாள். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை.

"போவம்," என்றாள்.

"கடைசியா ஒண்டு. பின்னறை. அதுதான் படத்தின்ரை உயிர். எடுத்த உடன போவம், சரியோ? நீர் இதில இரும்."

அவள் மறுத்திருப்பாள். ஆனால் அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டான். நேராகப் பார்த்து ஒரு வருடம். சரி என்றாள். பின்னறைக்கும் நடு அறைக்கும் நடுவே காகிதம் ஒட்டிய இழுவைக் கதவு. அவன் போய் அதை இழுத்து மூடினான். படத்தில் அது மூடியிருக்கும் என்றான்.

அவள் அடுப்போரம் குந்தினாள். சாம்பல் சமமாகத் தட்டப்பட்டிருந்தது. கையை மேலே பிடித்தாள்.

சூடு.

அப்போதுதான் அந்தச் சத்தம். எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை, அது முன்பே இருந்து காது இப்போதுதான் அதைப் பிரித்தெடுத்தது போல இருந்தது. ஈரக் கல்லில் இரும்பு தேயும் சத்தம், நீளமாக ஒன்று, பிறகு கட்டையாக ஒன்று, பிறகு தண்ணீர் சொட்டும் இடைவெளி, மீண்டும் நீளமாக ஒன்று. கூரையிலிருந்து வந்தது. இல்லை, சுவருக்குள்ளிருந்து. அவள் மூச்சைப் பிடித்தாள். நின்றது. மூச்சை விட்டாள். தொடங்கியது.

குற்றியைத் திரும்பிப் பார்த்தாள்.

கோடாலியில் துரு இல்லை. வாய் வெள்ளையாக மினுங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்."

பின்னறை யன்னல் வெளிச்சத்தில் காகிதக் கதவில் ஒரு நிழல் விழுந்திருந்தது. தலை. தோள். முன்னால் தூக்கிய கை. அவள் அதைப் பார்த்து ஆறுதல்பட்டாள். பிறகு பார்த்தாள், அது கட்டை. சாயிசன் அந்தக் கதவில் தலை தட்டாமல் போகக் குனிந்தவன். இந்த நிழல் கதவின் பாதிக்குத்தான் வந்தது.

"இஞ்சேருங்கோ."

"ஓம், வாறன்."

அதே தொனி. அதே இழுப்பு.

அப்போது முற்றத்திலிருந்து, பனிப்புகாருக்குள்ளிருந்து, அவளுடைய கணவனின் குரல் கேட்டது.

"கோபி. ஆரோட கதை?"

வாசல் அவளுக்குப் பின்னால். அவள் திரும்பவில்லை. கதவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைவாயில் இரும்பின் சுவை வந்தது. பின்னறைக்கு இன்னொரு வழி இருக்கும், அவன் வெளியே போயிருப்பான், படத்தில் முற்றமும் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"கோபி," என்றது முற்றம். கிட்ட வந்திருந்தது. "உள்ளுக்கு இருக்கிறது நானில்லை."

நிழல் அசைவதை நிறுத்தியது.

அதுவும் கேட்டிருக்கிறது. தலையைச் சரித்துக் கேட்கிறது.

சுவருக்குள் தேய்ப்புச் சத்தம் நின்றது.

நிழல் எழுந்தது. வளர்ந்தது. கதவின் பாதியிலிருந்து முழுதாக. காலை மெதுவாக வைத்தது. பாய் நெரிந்தது. மீண்டும் நெரிந்தது. சத்தம் போடாமல் வருகிறது. ஒரு வார்த்தை இல்லை. சாயிசன் என்றால் கூப்பிடுவான். ஏன் கூப்பிடவில்லை.

கை உயர்ந்தது.

அவளுடைய கையில் கோடாலி இருந்தது. எடுத்த நினைவில்லை. பாரம். பிடி சூடாக இருந்தது.

நிழல் கதவை நிறைத்தது. மற்றக் கை விளிம்பை ஒதுக்கியது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

அடித்தாள்.

காகிதம் கிழிந்தது. இரும்பு உள்ளே போனது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கடைவாய்ப்பல்லை அசைத்துப் பிடுங்கும்போது வேர் எலும்பை விடும் சத்தம். இழுத்தாள். வரவில்லை. காலால் கதவை உதைத்து இழுத்தாள். வந்தது. திரும்ப அடித்தாள். காகிதம் மேலிருந்து கீழாகச் சிவந்தது. உள்ளே எதுவோ முழங்காலில் விழுந்தது. தாழ அடித்தாள். அது கையைக் குறுக்கே வைத்தது. கையில் அடித்தாள். வெதுவெதுப்பாக அவளுடைய வாய்க்குள் தெறித்தது. துப்பவில்லை. அடித்தாள்.

கதவு சட்டத்தோடு சரிந்தது.

சாயிசன் பாயில் மல்லாந்து கிடந்தான். தோள் கழுத்திலிருந்து திறந்திருந்தது. இடது கையில் போன். திரை வெளிச்சமாக இருந்தது. அதில் படத்தின் காட்சி. தரையோரம் தாழ வைத்து எடுத்த பின்னறை. அந்தக் கோணம் வர முழங்காலில் நின்றிருக்கிறான். வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். அதில் ஆள்காட்டி விரல் திரும்பவும் உதட்டோடு ஒட்டியபடி நின்றது. சத்தம் போடாதையும் என்று சொல்ல வந்திருக்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு ஓட வந்திருக்கிறான்.

அவள் முழங்காலில் விழுந்தாள். உள்ளங்கையால் கழுத்தை அழுத்தினாள். விரல்களுக்கிடையால் வந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். வந்தது.

"இஞ்சேருங்கோ."

அவனுடைய வாய் அசைந்தது. குமிழி வந்தது.

"ஓம்," என்றான். "வா..."

மிச்சம் வரவில்லை.

"கோபி," என்றது முற்றம், சாயிசனின் குரலில். "வா. வந்து கதவைத் திற."

அவள் தலையைத் தூக்கினாள். திறந்து கிடந்த வாசற்கதவு இப்போது மூடியிருந்தது.

வா. திற. அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாரும் என்பான். திறவும் என்பான். சண்டையிலும். முதுகு நொந்து சுவரில் குத்தி அழுத இரவிலும். குரல் அவனுடையது. அந்த நீ அவனுடையது இல்லை.

அவள் திறக்கவில்லை. வாசற்கதவு தானாக இழுபட்டது.

பனிப்புகார் விலகி நின்றது. முற்றத்துச் சேற்றில் அவர்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். வரிசையாக. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. வேலி வரைக்கும். நெற்றி நிலத்தில். முகம் ஒன்றும் தெரியவில்லை. முதுகெலும்பு தெரிந்தது, துணிக்கு மேலாக, முடிச்சு முடிச்சாக. பின்னால் மடிந்த வெறுங்கால்கள். குதிகள் கறுத்து வெடித்திருந்தன.

அவளைக் கும்பிட்டுக் கிடந்தார்கள்.

கோடாலி திரும்பவும் அவளுடைய கையில் இருந்தது. விட நினைத்தாள். விரல் விரியவில்லை.

படிக்கு மிகக் கிட்டக் கிடந்த ஒன்று, நெற்றியைத் தூக்காமல், சாயிசனின் குரலில் சொன்னது:

"பசிக்குது."

கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் முதலில், பிறகு அடுத்த வரிசையில், பிறகு பனிப்புகாருக்குள் கண்ணுக்கு எட்டும் வரைக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு மரக் கோப்பை. வெறுமையாக. கழுவித் துடைத்து.