ஒரு திருகாணிகூட மாறவில்லை

பதினோராவது நாளும் காலையில் கண் விழித்தபோது வாட்ச் மணிக்கட்டில் இருந்தது. முந்தைய இரவு அதைக் கழற்றி, டப்பாவில் போட்டு, பீரோவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் திருமலைசாமி படுத்தார். சாவி வைத்த இடத்தில் இருந்தது. பீரோ பூட்டியபடி இருந்தது. வாட்ச் மட்டும் டயல் உள்ளங்கைப் பக்கம் திரும்பி, நேற்றைவிட ஒரு துளை உள்ளே தள்ளி இறுக்கிக் கட்டியிருந்தது. சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பைக்காரர். இடது மணிக்கட்டு மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

"தூக்கத்துல நீங்களேதான் எந்திரிச்சுக் கட்டிக்கறீங்க," என்றாள் மனைவி ரங்கநாயகி. "வாட்ச்சுப் பைத்தியம் முத்திப்போச்சுங்க உங்களுக்கு." சொல்லிவிட்டு அவள் அவிநாசி கோவிலுக்குக் காரில் கிளம்பிவிட்டாள்.

மதியம் இரண்டரைக்கு ரசாக் வந்தார். டவுன்ஹால் பக்கம் சந்துக்குள் ஒரு மேஜை போட்டு வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர். திருமலைசாமி மில்லை மூடி, மெஷின்களைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டு, அந்தக் காசில் வாட்ச் சேர்க்க ஆரம்பித்த நாள் முதல், எது ஒரிஜினல் எது கலப்படம் என்று பார்த்துச் சொல்வது ரசாக்தான். இதுவரை பார்த்த நாற்பத்தொரு வாட்ச்சையும் கலப்படம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிற அழுக்குச் சட்டை தன்னை முட்டாளாக்குவது முதலாளிக்குப் பிடிக்காது. கேட்காமலும் இருக்க முடியாது.

"இன்னைக்கு யாரு உங்க தலையில மொளகா அரைச்சாங்களாமுங்க?" என்றபடி ரசாக் வாட்ச்சை வாங்கிக்கொண்டார்.

திருமலைசாமி இடது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை ரசாக் காறித் துப்பாத குறையாகக் கலப்படம் என்று சொல்லிவிட வேண்டும். கண்டதை அள்ளிக் கோத்த குப்பை என்று சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் அந்த வாட்ச், மில்லில் நூல் இழை ஒட்டுகிற வேலை பார்த்த ராமுலுவுடையது. வெள்ளைக்கார ஸ்பின்னிங் மாஸ்டர் ஊருக்குப் போகும்போது தன் கையிலிருந்து கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டது. சின்ன முதலாளியாக இருந்த திருமலைசாமிக்கு அது கண்ணை உறுத்தியது. கூலிக்காரன் கைக்கு சுவிஸ் வாட்ச்சா! அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு நாள் மூன்று மணி ஷிப்டில் ராமுலுவின் இடது கை மெஷின் பெல்ட்டில் மாட்டி முழங்கையோடு போனது. கையைக் கழிவுப் பஞ்சில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ராமுலுவைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில், திருமலைசாமி பஞ்சை விலக்கி அதைக் கழற்றிக்கொண்டார். விரல்கள் இன்னும் சூடாக இருந்தன.

ராமுலு நஷ்டஈடு கேட்டு வரவில்லை. "ஏனுங்க, என்ற வாட்ச்சு?" என்று மட்டும் வாராவாரம் மில் கேட்டில் வந்து நின்றான். மெஷினுக்குள் போய்விட்டது என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று இவர் விசாரிக்கவில்லை.

பயம் இல்லாமலும் இல்லை. ஈரோட்டில் ஒரு ரிப்பேர்காரனிடம் கொடுத்து டயல், முள், உள் மெஷின் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். எல்லாம் மாறிவிட்டால் அதில் ராமுலுவுடையது என்று என்ன மிச்சம்? அந்தக் கணக்கில்தான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். போன வாரத்துக்கு முந்தின வாரம் கிளப்பில் காட்டிப் பீற்றிக்கொள்ள ஒரு தடவை கட்டினார். அவ்வளவுதான்.

வெளியே ஆடிக் காற்று வேப்பங்கிளைகளை ஜன்னலில் தேய்த்துக்கொண்டிருந்தது. சாத்திய கதவின் இடுக்கு வழியாக மழைச் சாரலின் மண்வாசத்தோடு, இந்த வீட்டுக்குள் வர வழியே இல்லாத வேறொரு வாசமும், மெஷின் எண்ணெயும் வேர்த்த உடம்பும் ஈரப் பஞ்சும் கலந்த வாசம், மெல்ல மெல்லக் கசிந்து சால்வைக்குள் தங்கியது.

ரசாக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"கலப்படம்தானே பாய்?"

"அட இருங்க. உள்ளாற பஞ்சுத் தூசி படிஞ்சிருக்குது. மில்லுல பாடுபட்ட கையிங்க இது."

சால்வைக்குள் ஆள்காட்டி விரல் கட்டைவிரலைத் தொட்டது. சொரசொரவென்று இருந்தது. திருமலைசாமியின் விரல்கள் அப்படி இருந்ததே இல்லை.

"வாரு தேஞ்சிருக்கறதைப் பாத்தா, டயலை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கான். மெஷினுல அடிபடக் கூடாதுன்னு. பாவம், உசுராட்டம் வெச்சிருந்திருக்கான்."

"அதெல்லாம் யார் கேட்டா? டயல் மாத்தினதுதானே? முள்ளு? மெஷினு?"

"ரிப்பேருக்குக் குடுத்தீங்களாக்கும்?"

"எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன்."

ரசாக் சிரித்தார். குனிந்த தலை நிமிரவில்லை. "உங்களை மாதிரி ஆளு கெடைச்சா வேறென்ன செய்வாங்க? ஊருல இருக்கிற திருடனெல்லாம் நல்ல சாமானை உருவிக்கிட்டுக் கெட்டதை வெப்பான். இவன் சோம்பேறி. மேல மட்டும் தொடச்சுக் குடுத்துப்போட்டு ரூவா வாங்கிட்டான். ஒரு திருகாணிகூட மாறலீங்க முதலாளி. முழுசா அவனோடது. நாப்பத்திரண்டுல இது ஒண்ணுதானுங்க சுத்தம்."

தூரத்தில் மூன்று மணிச் சங்கு ஊதியது.

அவருடைய மில்லின் சங்கு. அதைக் கழற்றி விற்று இரண்டு வருஷம் ஆகிறது.

சால்வைக்குள் கை அசைந்தது.

அவர் அசைக்கவில்லை.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசின. முறுக்கின. இணைத்தன. விட்டன. மறுபடி முறுக்கின. அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை. ஷிப்டுக்கு வந்துவிட்ட வேகம். வலது கையால் அமுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

சால்வையை விலக்கினார்.

கறுத்த கை. காய்த்த விரல்கள். அவை எந்த மனிதக் கையும் மடங்காத அளவுக்குப் பின்னால் மடங்கி மணிக்கட்டைத் தொட்டிருந்தன. அங்கே தோல் திறந்திருந்தது. ரத்தம் இல்லை. வெளுத்த சதை. பஞ்சு மாதிரி. விரல்கள் அதை இழுத்தன. நூலாக்கின. மடியில் நூல். நாற்காலிக்கடியில் நூல். வலி இல்லை. வலி இருந்திருந்தால் தேவலை.

கத்த வாய் திறந்தார். சத்தம் வரவில்லை.

"என்ன ஓட்டமுங்க இது," என்றார் ரசாக், லென்ஸில் கண் பதித்தபடி. "இன்னும் நூறு வருசத்துக்கு நிக்காது."

மணிக்கட்டில் சதை தீர்ந்திருந்தது. ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டு, கை நிதானமாக முழங்கையை நோக்கி மேலே ஏறியது.