மடை இல்லாத கூடு

காந்திபுரத்தில் ஒலிக்கூடு விற்கும் கடைகள் இருக்கும் சந்துக்குள் நுழைவதற்குள்ளேயே நாச்சிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. கையில் நாலாக மடித்த ஒரு தாள். கூட்டுக்குள் பொருத்தும் கூறுகளில் எதை முதலில் வாங்க வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று மூன்று வாரமாக விசாரித்து எழுதி, அடித்து, மறுபடி எழுதிய தாள். கடைசியில் எது எழுதியது, எது அடித்தது என்று அவருக்கே பிடிபடவில்லை.

"அப்பா, கூட்டுல மொத்தமே அஞ்சு அறைதான். எனக்கு மாப்பிள்ள பாக்கற மாதிரி பண்ணாதீங்க" என்றாள் பின்னால் வந்த மகள் அமுதினி.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். நாலு நாளில் கப்பல் ஏறப் போகிறவள். வங்கக் கடலுக்கு நடுவில் மிதக்கும் நன்னீர் நிலையத்தில் இரண்டு வருட வேலை. அங்கிருந்து வருகிற குரல் அவளுடையதுதானா என்று வீட்டில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ளப் போவது அவரல்லவா?

குரலை நம்புகிற காலம் மலையேறி வருடக்கணக்காகிறது. யாருடைய குரலையும் முகத்தையும் கையெழுத்தையும் இயந்திரங்கள் அச்சு அசலாகச் செய்துவிடுகின்றன. நாச்சிமுத்து அதில் நன்றாக அடிபட்டவர். போன வருடம் அவள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது நாள் ஒரு பொய்க்குரலோடு மகள் என்று நினைத்துப் பேசியிருக்கிறார். "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டால், கேட்ட வாயை மூடுவதற்குள் "சாப்ட்டனுங்கப்பா, ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி" என்று பதில் வரும். நிஜ அமுதினியிடம் அதையே கேட்டால் முதலில் ஒரு மௌனம். அப்புறம் வேண்டா வெறுப்பாக ஒரு "ம்". வேலைக்குப் போனதும் பெண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனார் மனிதர். பத்தாம் நாள் அந்தக் குரல் கேட்ட அடையாளச் சான்றுகளையெல்லாம் அனுப்பியும் வைத்தார். தான் தான்தான் என்று ஒவ்வொரு அலுவலகமாக நிரூபிக்க அமுதினிக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவரை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்த ஒலிக்கூடு. ஒரே பாளத்திலிருந்து அறுத்தெடுத்த இரண்டு படிகங்களில் ஒன்று இவர் கூட்டில் இருக்கும், மற்றது அவள் கூட்டில். இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்து, ஒரே மேஜையில் வைத்து இணைத்துவிட்டால் போதும். ஒன்று எப்படி அதிர்கிறதோ அப்படியே மற்றதும் அதிரும், நடுவில் எத்தனை கடல் இருந்தாலும். கம்பி கிடையாது, அலைவரிசை கிடையாது, திருடன் நுழைய வழியே கிடையாது. அவள் அங்கே குமிழைத் திருகினால் இங்கே சுருதி ஏறும். ஆனால் ஏதாவது ஒரு கூட்டில் ஒரு நொடி மின்சாரம் நின்றாலும் இரட்டை என்கிற இந்த இணைப்பு முறிந்துவிடும். மறுபடி இணைக்க இருவரும் ஒரே மேஜைக்கு வந்தாக வேண்டும். அந்த அதிர்வைச் சத்தமாக்க என்னென்ன கூறுகளைச் சேர்ப்பது என்பது வாங்குகிறவர் பாடு. இரண்டு கூட்டிலும் அதே கூறுகள், அதே வரிசை. இணைத்த பிறகு மாற்ற முடியாது.

கடைக்காரி கோகிலவாணி பேச்சை வளர்க்கிற ரகமில்லை. விரல் நுனியெல்லாம் பற்றவைத்த சூட்டு வடு. கூறுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"மொதல்ல அலைவிங்கண்ணா. படிகம் இதுக்குள்ளதான் இருக்குது."

"ரெண்டு போடுங்க அம்மிணி."

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?"

அமுதினி கூரையைப் பார்த்தாள். மூன்றாவதாக வடிப்பான் வந்தது; அலைவியின் கீச்சென்ற இரைச்சலைச் சீவிக் காதுக்கு இதமாக்குவது. நான்காவதாக நாச்சிமுத்து தானே குலுக்கியை எடுத்தார். அது சுருதியைத் தன் இஷ்டத்துக்கு இம்மியளவு ஏற்றும், இறக்கும். ஒரே சுருதியில் நின்றால் மிஷின் மாதிரி இருக்கிறது, இது இருந்தால் உயிர் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அமுதினிக்கே அது பிடித்துப்போனது.

ஐந்தாவது அறைக்குக் கோகிலவாணி சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கூறை எடுத்து வைத்தாள். ஒரே ஒரு பொத்தானைத் தவிர அதில் எதுவுமில்லை.

"இது மடைங்கண்ணா. இத வெச்சுத்தான் ஆகோணும்."

"இது என்ன சத்தம் குடுக்குமுங்க?"

"சத்தம் குடுக்காதுங்க, நிறுத்தும். வாய்க்கா மடையாட்டந்தான். விரல் வெச்சு அமுக்குனா தெறந்துக்கும், சத்தம் வரும். விரல எடுத்தா மூடிக்கும். உள்ளார இரட்டை அது பாட்டுக்கு இருக்கும்."

நாச்சிமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருப்பதே ஐந்து அறை. அதில் ஒன்றைச் சும்மா வாயை மூடிக்கொண்டிருக்கிற சாமானுக்குக் கொடுப்பதா? சத்தம் நின்றிருக்கிற நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? அவருடைய பயமே அந்த நிசப்தத்தின்மேல்தான்.

"காப்புக்கலம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. மின்சாரம் போனாலும் நாப்பது நாளைக்கு ஓடும்."

"அப்ப அஞ்சாவது அதுதான்."

"அண்ணா, மடை இல்லாட்டி இது வாயே மூடாதுங்க. நிறுத்தோணும்னா மின்நாடாவத்தான் புடுங்கோணும். புடுங்குனா இரட்டை போச்சு. மொதத் தடவ வாங்கறவங்க எல்லாரும் இதே தப்பத்தான் பண்றாங்க. சத்தம் போடறதயாப் பாத்து வாங்கிட்டுப் போயிடறாங்க."

"நிறுத்தறதுக்கு வாங்கலீங்க அம்மிணி. கேட்டுட்டே இருக்கறதுக்குத்தான் வாங்கறேன்."

கோகிலவாணி அமுதினியைப் பார்த்தாள்.

"விடுங்கக்கா. அவரு நிம்மதியா இருந்தாச் செரி" என்றாள் அமுதினி.

அவள் போன பிறகு வீடு முழுக்க அந்த ரீங்காரம்தான். மனைவி இறந்து ஆறு வருடமாக ஆளரவம் குறைந்து கிடந்த வீடு. சோறு வடிக்கும்போதும் செடிக்குத் தண்ணீர் விடும்போதும் கூடம் மூலையிலிருந்து "ம்ம்ம்" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. தொலைபேசியையும் கூட்டுக்குள்ளேயே பொருத்தியிருந்ததால் எந்த அழைப்பு வந்தாலும் அடியில் அந்த ரீங்காரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அமுதினி கூப்பிடுவாள். "திருகு கண்ணு" என்பார். அவள் திருகுவாள், சுருதி ஏறும். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வரும்.

"கூட இருக்கறவங்க சண்டைக்கு வர்றாங்கப்பா. தலகாணிக்கு அடியில வெச்சு அமுக்கி வெச்சிருக்கேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

"நிறுத்தீராத சாமி" என்றார் பதறி.

ஏழாம் மாதம் புயல் வந்தது. நிலையம் இருக்கும் பக்கமாகவே அது போகிறது என்றார்கள் செய்தியில். செய்தியையும் நம்ப முடியாத காலம்தான், ஆனாலும் கெட்ட செய்தியை நம்ப நாச்சிமுத்துவுக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. கூட்டுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரீங்காரம் நிற்கவில்லை. நிற்காதவரை அவள் இருக்கிறாள்.

மறுநாள் காலையில் அழைப்பு வந்தது.

"அப்பா, நாந்தான். எங்க எல்லாரையும் முந்தாநேத்தே கப்பல்ல ஏத்திக் காக்கிநாடாவுக்குக் கொண்டாந்துட்டாங்க. நான் நல்லாருக்கேன், பயப்படாதீங்க."

அவர் கூட்டின் பக்கம் திரும்பினார். "திருகு."

"கூடு அங்கயே இருக்குதுங்கப்பா. கைப்பை மட்டுந்தான் எடுக்க விட்டாங்க..."

இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதே தன்மையான குரல். அவர் எதைக் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தாரோ அதையே எடுத்து நீட்டுகிற குரல். ஒன்பது நாள் கேட்டவருக்குத் தெரியாதா? இதோ மூலையில் இரட்டை பாடுகிறது. அவள் கூடு கடலில் இருக்கிறது என்றால் அவளும் கடலில்தான் இருக்கிறாள், தலையணையை அணைத்துக்கொண்டு, கூப்பிடக்கூட வழியில்லாமல்.

மூன்று நாளில் பதினொரு முறை அந்தக் குரல் வந்தது. நடுவில் நிலையத்து அதிகாரி என்று ஒருவர் பேசினார், அவர் அழைப்பையும் துண்டித்தார். சோறு இறங்கவில்லை. அவ்வப்போது ரீங்காரம் லேசாக ஏறி இறங்கும். அப்போதெல்லாம் கூட்டின்மேல் கையை வைத்து, "இங்கதான் இருக்கேன் கண்ணு" என்பார். அது மறுபடி ஏறும். அவள் கையை வைத்துப் பதில் சொல்கிறாள் என்று அழுவார்.

நான்காம் நாள் மத்தியானம் அவர் எதுவுமே பேசாதபோது அது ஏறியது. உடனே இறங்கியது. பிறகு இன்னொரு முறை. நாச்சிமுத்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது அறை. குலுக்கி. உயிர் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே கையால் எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் காப்புக்கலம், யாரும் இல்லாவிட்டாலும் நாற்பது நாள் ஓடும். ஒன்று போனால் இருக்கட்டும் என்று இன்னொரு அலைவி. ஐந்து அறையிலும் அவர் பயம்தான் உட்கார்ந்திருந்தது. ஆள் ஒருவர் விரல் வைத்தால்தான் திறக்கும் என்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். அது கோகிலவாணியின் மேஜையிலேயே தங்கிவிட்டது.

அழைப்பு வந்தது. பன்னிரண்டாவது.

"அப்பா, வெச்சராதீங்க. ஒரே ஒரு நிமிசம். அத வேணும்னுதான் ஓட விட்டுட்டு வந்தேன். நின்னு போனா நீங்க பயந்துக்குவீங்கன்னு."

பொய்க்குரலும் இதைச் சொல்லும். இதைவிட நன்றாகவே சொல்லும். என்ன கேட்பதென்று தெரியாமல், வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"சாப்ட்டியா கண்ணு?"

பதில் வரவில்லை. ரீங்காரம்தான் வந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது? அவளுடைய அந்த மௌனமா? இணைப்பு அறுந்துவிட்டதா? பேசியில் காதை அழுத்தினார், மூச்சைப் பிடித்தார், ம்ம்ம் என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொத்தான் இருந்திருந்தால் விரலை எடுத்திருக்கலாம்.

கூட்டின் பின்பக்கத்தைத் திறந்தார். அலைவிகளுக்குப் போகும் மின்நாடா இரண்டு விரலில் சிக்கியது. பேசியில் இருப்பது மகள்தான் என்று இவர் நினைப்பது தப்பாக இருந்தால், கடலில் தனியாகக் கிடக்கிற பெண்ணுக்கும் அவருக்கும் மிச்சமிருந்த ஒரே உறவு இதுதான்.

பிடுங்கிவிட்டார்.

ஏழு மாதத்தில் முதல்முறையாக வீடு அமைதியானது. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பேசியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எரிச்சலும் அழுகையுமாக, நீளமாக.

"ம்" என்றாள்.

நாச்சிமுத்து பாயில் சரிந்து உட்கார்ந்தார். பொய்க்குரலுக்கு இந்த 'ம்' வராது, இதற்கு முன்னால் வந்த அந்த இடைவெளி வரவே வராது. வாய்விட்டு அழுதார்.

"சத்தம் நின்னுபோச்சு?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா கண்ணு. நாடாவப் புடுங்கிட்டேன்."

மறுமுனையில் மறுபடி மௌனம். இது வேறு மாதிரி இருந்தது.

"எங்கப்பா அதப் புடுங்க மாட்டாரே" என்றாள் மெதுவாக. குரல் விலகிப்போயிருந்தது. "பதினோரு தடவ கூப்ட்டும் எங்கிட்டப் பேசாத மனுசன். செத்தாலும் புடுங்க மாட்டாரு. நீங்க யாருங்க?"

நாச்சிமுத்து கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். இனி எந்தக் குமிழைத் திருகினாலும் அங்கே எதுவும் ஏறாது. தான் தான்தான் என்று சொல்ல வாயெடுத்தார், அதைத்தானே எல்லாப் பொய்க்குரலும் சொல்லும் என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்.

"என்ன சாப்ட்டன்னு சொல்லவே இல்லையே கண்ணு" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. அவர் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.