மண் வருவது நிற்கும் வரை

பிரஷ் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆகஸ்ட் மாதத்து அடிலெய்ட் மலைக் குளிரில், காலையிலிருந்து தூறலில் நனைந்துகொண்டிருந்த ஒரு பிரஷ் வெதுவெதுப்பாக இருக்க நியாயமே இல்லை. காப்புக்காட்டின் வாசலில், நடைபாதை தொடங்கும் இடத்தில், சங்கிலியில் கட்டித் தொங்கும் அந்தப் பிரஷ்ஷைக் கையில் எடுத்த மெர்ரின், எடுத்த வேகத்தில் விட்டுவிட்டாள். முட்களுக்குள் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. கோடையில் கரண்ட் போன வீட்டின் ஃப்ரிட்ஜில் மறந்துபோன கோழியின் வாடை அதில் வந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்தாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

காரில் சாய்ந்து நின்ற அவள் கணவன் கெல் சிரித்தான்.

"என்ன தாயே, ஊருக்குத்தான் உபதேசமா? அடுத்தவன் பூட்ஸ்ல ஒரு பொட்டு மண் இருந்தாலும் உள்ள விடமாட்டியே!"

"சும்மா இருய்யா. வீட்லயே கழுவிட்டுத்தான் வந்தேன்."

பச்சைப் பொய். காலையில்தான் தெற்கு முனையில், மூடி வைத்திருக்கும் பாதைக்குள் போய், செத்துக் கிடந்த யாக்கா என்னும் புல்மரங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே வேரழுகல் நோய். கண்ணுக்குத் தெரியாத கிருமி, நடப்பவர் காலில் ஒட்டிய ஈர மண்ணோடு இடம் மாறும். புகுந்த இடத்தை விட்டு அதை விரட்ட மருந்து கிடையாது. அதற்காகத்தான் வாசலில் பிரஷ்ஷும் கிருமிநாசினித் தொட்டியும். தொண்டர் குழுவின் தலைவி மெர்ரின். வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி விரட்டுவதால் 'பூட்ஸ் போலீஸ்' என்று பட்டப்பெயரே உண்டு. "மண் வர்றது நிக்கிற வரைக்கும் தேய்க்கணும்" என்பது அவள் ஓயாமல் சொல்லும் வாசகம். வடக்குப் பள்ளத்தாக்கு மட்டும் இன்னும் நோய் தீண்டாமல் இருந்ததற்கு அந்த நச்சரிப்புதான் காரணம். தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்தப் பள்ளத்தாக்குக்கே கொடுத்தவள் அவள்.

ஆனால் இன்று அந்தப் பிரஷ்ஷைத் தொட முடியவில்லை. ஒரு தடவைதானே, வடக்குப் பள்ளத்தாக்கில் சிலந்தி ஆர்க்கிட் பூத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தாள். முட்டி வலிக்காரனான கெல் ஃபிளாஸ்க் தேநீரோடு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

பட்டை உரிந்து கந்தலாகத் தொங்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில், இலை நுனிகளிலிருந்து சொட்டும் நீரின் சத்தத்துக்கும் எங்கோ ஒரு கூக்கபராப் பறவை சிரித்துச் சிரித்து ஓய்ந்ததற்கும் நடுவே, தன் வலது காலடியில் மட்டும் 'சளக்' என்றொரு சத்தம் வருவதை அவள் கொஞ்ச தூரம் போன பிறகே கவனித்தாள். பாதையோ சரளைக்கல். வாசலில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த அந்தக் கோழி வாடை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கூடவே வந்தது. பூட்ஸ் கனத்தது. கால் விரல்களுக்கு நடுவே ஏதோ இளஞ்சூடாக ஊறியது. வலி இல்லை. வலித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

சரளையின் மேல் அவள் வலது காலடிகள் சாம்பல் நிறத்தில் பளபளத்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் பாசி பழுப்பாகிக் கூழாகிக் கிடந்தது. நின்ற இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அவள் பள்ளத்தாக்கின் விளிம்புக்கே வந்துவிட்டிருந்தாள். அங்கே தன் மரங்கள் எப்படி இருக்கின்றனவோ என்ற பதற்றம் அவளை இரண்டு எட்டு கீழே தள்ளியது.

கரிய அடிமரமும் புல் கொண்டையுமாக யாக்காக்கள் நிமிர்ந்து நின்றன. பச்சை. நல்ல பச்சை. அப்பாடா என்று அருகில் இருந்ததைத் தடவிக்கொடுத்தாள்.

கொண்டை கையோடு வந்தது. வெந்நீரில் முக்கிய கோழியிலிருந்து இறகு கழல்வதுபோல. உள்ளே சாம்பல் கூழ். குபுக்கென்று நாற்றம். அடுத்த மரம் தலை சாய்த்தது. அதற்கடுத்தது.

"ஐயோ, நான்தான்," என்றாள் வாய்விட்டு. "நான்தான் கொண்டுவந்தேன்."

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சாப்பாட்டுப் பிளாஸ்டிக் பையை வலது காலில் மாட்டி இறுக்கிக் கட்டினாள். நொண்டியபடி ஓடினாள். வழியெல்லாம் அவளுடைய பழைய தடங்கள் அகன்று, குழியாகி, மெல்லக் குமிழிவிட்டுக்கொண்டிருந்தன. பை உப்பியது. சூடேறியது. வெடித்தது.

வாசலுக்கு வந்தபோது பொழுது மங்கியிருந்தது. பெஞ்சில் விழுந்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். இப்போது அருவருப்புப் பார்க்க நேரமில்லை. தேய்த்தாள். சேறு வந்தது. கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்தாள். இன்னும் வந்தது. கொழகொழவென்று, இழை இழையாக, வெதுவெதுப்பாக. முட்களில் அடைத்ததை விரலால் வழித்து எறிந்தாள். தேய்த்தாள். ஒரு தடம்கூட இனி உள்ளே போகக் கூடாது. ஒன்றுகூட.

கார்க் கதவு சாத்தும் சத்தம். டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"மெர்ரின், தேத்தண்ணி ஆறிப்போச்சு. இன்னுமா கழுவுற? பூட்ஸ் இங்க சுத்தமாத்தானே..."

வெளிச்சம் பெஞ்சின் மேல் நின்றது. அவளுக்குப் பக்கத்தில் வலது பூட்ஸ் இருந்தது. லேஸ் அவிழ்த்து, காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்து, துளி மண் இல்லாமல். எப்போது கழற்றினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

வெளிச்சம் கீழே, அவளுடைய வெறும் காலுக்கு இறங்கியது. கெல் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"நிறுத்து... மெர்ரின், நிறுத்தும்மா..."

"இரு கெல். இன்னும் வருது."

அழுத்தித் தேய்த்தாள். பிரஷ் எதிலோ கரகரவென்று உரசியது. கெட்டியாக, வழவழப்பாக, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மண் நின்றுவிட்டது.

மெர்ரின் நிம்மதியாக மூச்சு விட்டு, இடது பூட்ஸின் லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள்.