யாரும் பேசவில்லை

அப்போதெல்லாம் விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் ஏழாம் மேட்டில் முதலில் பேசுவது அவைச்செவிதான். ஊர்மன்றத்துத் தூணில் பதித்த சாம்பல்நிறப் பெட்டி அது. "நாட்டாரே, கடல் திறக்கலாமா?" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பிழையில்லாமல் கேட்கும். ஊர்த்தலைவரான நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு "திறக்கலாம்" என்பார். கடல்மதிலின் நடுவே இருக்கும் இரும்பு மதகு முனகிக்கொண்டே மேலே ஏறும். படகுகள் வரிசையாக வெளியேறும். ஆண்கள் காதில் மணி மாட்டியிருப்பார்கள். அவைச்செவி அதன் வழியாக ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்பிவைக்கும்.

பெண்கள் நாங்கள் மதில்மேல் நின்று கையசைப்போம். வாய் திறக்க மாட்டோம். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது வழக்கம். பழைய ஊர் தண்ணீருக்குள் போய், அதன் தெருவும் கோயிலும் மீனுக்குச் சொந்தமாகிவிட்டன. இந்த ஒரு வழக்கம் மட்டும் நனையாமல் எங்களோடு மேடேறி வந்துவிட்டது.

கடல் ஏறியபோது மேட்டு வாரியம்தான் மண்கொட்டி இந்த மேடுகளை எழுப்பி, சுற்றிலும் மதில் கட்டி, ஒவ்வொரு மேட்டிலும் ஓர் அவைச்செவியை வைத்தது. மதகு அதன் பேச்சைத்தான் கேட்கும், அது நாட்டார் பேச்சைத்தான் கேட்கும். பெட்டியில் யாராவது கைவைத்தால் மதகு நின்ற இடத்திலேயே இறுகிப்போகும். மூன்று முறை அழைத்தும் ஊரில் யாரும் பேசாவிட்டால், ஆளில்லாத ஊர் என்று எழுதிவிட்டு அது அடங்கிவிடும். ஐந்தாம் மேட்டுச் சனங்கள் காய்ச்சலுக்குப் பயந்து ஓடிப்போனபோது அப்படித்தான் நடந்தது. மதகின் பூட்டு தானாகக் கழன்றது. வாரியத்தின் வரைபடத்தில் அந்த ஊர் இப்போது இல்லை.

போன ஐப்பசியில் எங்கள் கலியபெருமாள் நாட்டாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு முனகல் மட்டும்தான் மிச்சம். மகன் இல்லாத மனிதர். ஒரே மகள் தையல்நாயகி, எங்களோடு மதிலடியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிற பெண். மதிலடி எப்போது காயும், எப்போது காயாது, காயாவிட்டால் வெளிக்கடலில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் மட்டி எடுக்கிற எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தெரிந்ததைச் சும்மா வைத்துக்கொள்ளத்தான் தெரியாது.

புது நாட்டாரை அவைச்செவி ஏற்றுக்கொள்ளும் நாளில் ஆண்கள் மன்றத்தில் உட்கார்ந்தார்கள். நாங்கள் வழக்கம்போல வெளியே வலைக்களத்தில் நின்றோம். நாட்டாரின் அண்ணன் மகன் சிங்காரவேல்தான் அடுத்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல பையன், சத்தம் போட்டுப் பேசாதவன். "நாட்டார் பொறுப்பை ஏற்பவர் பேசலாம்" என்று பெட்டி அழைத்தது. அவன் எழுவதற்குள் தையல்நாயகி எங்கள் நடுவிலிருந்து கிளம்பி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தூணுக்கு முன்னால் நின்றாள்.

"கலியபெருமாள் மகள் தையல்நாயகி பேசறேன். பொறுப்ப நான் ஏத்துக்கறேன்" என்றாள்.

பஞ்சாயத்தார் பதறி எழுந்தார்கள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, "யாரும் பேசவில்லை. இரண்டாவது முறை அழைக்கிறேன்" என்றது.

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். வலைக்களத்துக் காக்கைகள் பறந்தன. "யாரும் பேசவில்லை" என்றது பெட்டி. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சிங்காரவேலுக்கு அது பொறுக்கவில்லை. "வா தையலு, போதும்" என்று முணுமுணுத்தான். "சிங்காரவேல் பேசுகிறார்" என்று பெட்டி உடனே மகிழ்ந்தது.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பழக்குவதற்கு வாரியம் எங்கள் பழைய ஊர்க்கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு வாங்கியது. கூட்டத்தில் உட்கார்கிறவர்கள் ஆண்கள்தான். நாங்கள் சொல்ல வேண்டியதை வெளியே நின்று கத்துவோம். பதிவில் எங்கள் குரல் காக்கைச் சத்தத்தோடும் அலைச் சத்தத்தோடும் கலந்து கிடந்தது. பொறியாளர் அத்தனைக்கும் 'இரைச்சல்' என்று பெயர் போட்டுத் துடைத்துவிட்டார். பாவம், நாட்டாருக்குப் பேச்சு இருந்த காலத்திலேயே விஷயம் தெரிந்து, திருத்தித் தருகிறேன் என்று அவரே படகேறி வந்தார். இரைச்சலை அடைக்கும் காதுமணியிலும் பெண்குரல் விழாது என்றும் சொன்னார். பஞ்சாயத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பின்னாலேருந்து கூப்புடற தொல்ல வுட்டுது. அப்படியே இருக்கட்டும்" என்றார் கலியபெருமாள் நாட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் மணியைக் கழற்றிவிடுகிறார்களே, என்ன குறைந்துவிடப் போகிறது என்று நாங்களும்தான் சிரித்தோம்.

அன்று சிங்காரவேல் பொறுப்பை ஏற்கவில்லை. தங்கையை அவமானப்படுத்திவிட்டு அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று கேட்டுவிட்டான். ஏற்பு அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போனது. அதுவரை பழைய நாட்டாரின் வழக்கப்படி நடந்துகொள்வதாகப் பெட்டி அறிவித்தது. அவர் எந்தப் பருவத்தில் எந்த மாதிரிக் காலையில் என்ன சொல்வார் என்பது அதற்கு அத்துப்படி. தினமும் தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டு, மதகைத் திறந்தது.

மறுநாள் சிங்காரவேல் அவளைத் தேடி மட்டித்துறைக்கே வந்தான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஊர் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று தொடங்கினான். நாட்டார் என்ற பெயர் அவனுக்கு இருக்கட்டும், அவள் பின்னால் நின்று சொல்லட்டும், அவன் அதை அப்படியே பெட்டியிடம் திருப்பிச் சொல்வான். ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன் என்று கடலைக் காட்டிச் சத்தியம் செய்தான்.

"எம் பேச்சு ஒன் வாய் வழியாப் போனா அது ஒன் பேச்சுண்ணே" என்றாள் தையல்நாயகி. "எங்க அம்மா, அப்பாவுக்குப் பின்னால நின்னு சொல்லிச் சொல்லியே செத்துப்போச்சு. யாருக்காச்சும் தெரியுமா?"

எங்களில் சிலருக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. காரியம் நடந்தால் போதாதா, யார் வாயானால் என்ன என்று பேசிக்கொண்டோம்.

பௌர்ணமிக்கு முந்தைய வாரம் ஒரு காலை. காற்றே இல்லை. கடல் எண்ணெய் விட்டதுபோலக் கிடந்தது. வெளிக்கடல் மிதவைகளில் இருந்த சென்சார்கள் பழுதாகி நெடுநாளாயிற்று. வாரியம் ஆள் அனுப்பவில்லை. அதனால் பெட்டிக்கும் அது நல்ல காலையாகத்தான் தெரிந்தது. மதகு திறந்தது, படகுகள் எல்லாம் வெளியேறின. மட்டி எடுக்க மதிலடியில் இறங்கிய தையல்நாயகி அப்படியே நின்றுவிட்டாள். காய்ந்திருக்க வேண்டிய கல்லில் முழங்கால் அளவு தண்ணீர். நண்டுகள் குஞ்சும் குளுவானுமாக மதில்மேல் ஏறிக்கொண்டிருந்தன.

கள்ளக்கடல். எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து, காற்றும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் வந்து தூக்கியடிக்கும் அலை. பழைய ஊரைக் கொண்டுபோனதும் அதுதான்.

அவள் மன்றத்துக்கு ஓடினாள். படகுகளைத் திருப்பு என்று பெட்டியிடம் கத்தினாள், கும்பிட்டாள், அதைத் திட்டினாள். யாரும் பேசவில்லை என்றது பெட்டி. மேட்டில் ஆண்குரல் ஒன்றுகூட இல்லை. பெரியவர்களிலிருந்து பொடியன்கள் வரை அத்தனை பேரும் பருவக் காலத்து மீனுக்காகக் கடலில் இருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே ஆண் அவளுடைய அப்பா.

அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தோம். "அப்பா, கள்ளக்கடல் வருதுப்பா. திரும்பச் சொல்லுங்கப்பா. ஒரு வார்த்தை" என்றாள் அவள். மனிதருக்கு எல்லாம் புரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கழுத்து நரம்பு புடைக்க, இருக்கிற உயிரையெல்லாம் திரட்டி அவர் குரல் கொடுத்தார். முனகல்தான் வந்தது.

"நாட்டார் பேசுகிறார்" என்றது அவைச்செவி. அதன் குரலில் மரியாதை கூடியிருந்தது. "வழக்கப்படி புரிந்துகொள்கிறேன். காற்றில்லாத தை மாதக் காலை. தூரக்கடலுக்குப் போகலாம் என்பது நாட்டாரின் உத்தரவு."

அவர் இன்னும் பலமாக முனகினார். பெட்டி உத்தரவை இன்னொரு முறை எல்லோர் காதுமணிக்கும் அனுப்பியது. தையல்நாயகி அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "வேணாம்ப்பா, பேசாதீங்கப்பா" என்றாள்.

நாங்கள் மதிலுக்கு ஓடினோம். வாழ்நாளில் முதல்முறையாகப் பின்னாலிருந்து கூப்பிட்டோம். அவரவர் புருஷன் பெயரை, பிள்ளை பெயரை, வாரியத்தையும் கடலையும் கண்டபடி ஏசிக்கொண்டே கூப்பிட்டோம். மணி மாட்டிய காதுகளுக்கு அது எட்டவில்லை. படகுகளிலிருந்து தினமும் செய்வதுபோலக் கையசைத்தார்கள்.

நாங்கள் வாய்திறந்து நின்றதைக் கவனித்தவன் சிங்காரவேல் ஒருவன்தான். கடைசிப் படகு அவனுடையது. மதில்மேல் நிற்கிற பெண்கள் வாய் திறப்பதில்லையே என்று அவனுக்கு உறைத்திருக்கிறது. மணியைக் கழற்றினான், கேட்டான், படகைத் திருப்பினான். காதுமணியில் மற்றவர்களை அழைத்தபோது நாட்டார் உத்தரவுக்கு மேல் யாருக்கும் வழி கிடையாது என்று பெட்டி மறுத்துவிட்டது. பக்கத்துப் படகுகளை இடித்து, சட்டையைப் பிடித்து இழுத்து, சிலரைத் திருப்பினான். மற்றவர்கள் நாட்டார் பேச்சைக் கேட்டு இன்னும் தூரம் போனார்கள். மதியத்துக்குள் கடல் மதில் உயரம் எழுந்தது. போனவர்களில் பாதிப் பேர் வரவில்லை. என் தம்பியும் வரவில்லை.

சிங்காரவேல் வாய் வழியாகவாவது பேசியிருந்தால் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. சாப்பிடவில்லை, அழவும் இல்லை. மூன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் எல்லோரையும் வலைக்களத்துக்கு, பெட்டிக்குக் கேட்காத தூரத்துக்கு, வரச்சொன்னாள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆண்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றாள். மூன்று அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் மதகு நம் கைக்கு வரும்.

வாரியம் எச்சரிக்கை அனுப்பாது, நிவாரணப் படகு நிற்காது, வரைபடத்தில் ஊரே இருக்காது என்று ஒரு பஞ்சாயத்தார் இழுத்தார். பின்விளைவு தெரியும் என்றாள். இருமினால்கூட அதற்குக் கேட்டுவிடுமே என்றான் சிங்காரவேல்.

"அடக்கிக்கிங்கண்ணே" என்றாள். "நாங்க இத்தன வருசம் அடக்கலையா?"

பௌர்ணமியன்று பெண்கள் மன்றத்துக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வாய் திறக்க வேண்டுமே. ஆண்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். கட்டிலில் நாட்டாரும் இருந்தார். பெட்டி அழைத்தது. தையல்நாயகி எழுந்து, யாரெல்லாம் வரவில்லையோ அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரும் பேசவில்லை என்றது பெட்டி. பின்வரிசையில் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். இரண்டாவது அழைப்புக்கும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிங்காரவேல் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது.

மூன்றாவது அழைப்பின்போது நாட்டார் கட்டிலில் அசைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. ஒரு முனகல் போதும், பெட்டி அதை உத்தரவாக்கிவிடும். தையல்நாயகி பெயர் சொல்வதை நிறுத்தவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் விழாத பக்கத்துக் கையை மெதுவாகத் தூக்கினார். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அழுகை முழுவதையும் அந்தக் கைக்குள்ளேயே அழுதார்.

"இந்த ஊரில் யாரும் இல்லை. ஏழாம் மேடு ஆளில்லாத ஊராகப் பதியப்படுகிறது" என்றது அவைச்செவி. விளக்கு அணைந்தது. மதகுப் பக்கம் பூட்டு கழன்று விழும் சத்தம் கேட்டது.

இப்போது மதகுச் சக்கரத்தை நாங்கள் கையால் சுற்றுகிறோம். காலையில் தையல்நாயகி மதிலடியில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வாள், ஊர் கேட்கும். நாட்டார் என்று யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை, அவள் கேட்டதும் இல்லை. நிவாரணப் படகு எங்களைத் தாண்டிப் போகிறது. அரிசி குறைந்திருக்கிறது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

இன்று காலை நண்டுகள் மறுபடியும் மதில்மேல் ஏறின. எங்கள் மதகை மூடிவிட்டோம். எட்டாம் மேட்டுக்காரர்களின் படகுகள் எங்கள் மதிலுக்குப் பக்கமாகத்தான் கடலுக்குப் போகும். ஆண்களும் பெண்களும் ஊரே திரண்டு மதில்மேல் ஏறிக் கத்தினோம். சிங்காரவேலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு படகைக்கூட அவர்கள் திருப்பவில்லை. ஆளில்லாத ஊரிலிருந்து வரும் எந்தக் குரலும் அவர்கள் காதுமணிக்கு இரைச்சல்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிப் படகில் இருந்தவன் மட்டும் எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

சிங்காரவேல் மதில்மேல் உட்கார்ந்துவிட்டான். "இப்புடித்தான் இருந்துச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டான்.

"எந்திரிண்ணே" என்றாள் தையல்நாயகி. "நிறுத்தாத. கத்து."