ஈரமாயிருந்த மணிக்கயிறு

செம்மண்மேட்டில் மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால், அது கோயில் மணி சொல்கிற பன்னிரண்டுதான். கைக்கடிகாரம் கட்டியவர்கள்கூட அதைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் தள்ளியிருந்த அந்த ஊரில், மாதா கோயில் மணி தினமும் அந்த ஒரு வேளைதான் அடிக்கும். மூன்று அடி, சின்ன நிறுத்தம். மூன்று அடி, சின்ன நிறுத்தம். மறுபடி மூன்று அடி. வேதக்காரர்கள் செபம் சொல்வார்கள். மற்றவர்கள் சோற்றுத் தட்டை எடுப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை.

யாராவது இறந்தால் மட்டும் மணி வேறு மாதிரி பேசும். டங்... என்று ஒரே அடி. பிறகு மௌனம். மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, 'இன்னும் காணோமே' என்று நினைக்கும்போது, இன்னொரு டங். அது துக்க மணி.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் துக்க மணி அடித்தது. ஒன்பது அடி.

ஆனால் ஊரில் யாரும் சாகவில்லை.

லூர்துமேரிக்கு அப்போது பத்து வயது. அவளுடைய அப்பா அல்போன்ஸ் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். அம்மா மிக்கேலம்மாள் ஒரு புது ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மணி கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது.

"யாருக்கு அடிக்கிறாங்க?" என்றார் அப்பா.

"தெரியலைங்களே."

அப்பா ஒன்பது அடியையும் எண்ணி முடித்தார். "மூடியைப் போட்டு வை. எனக்குத்தான்."

அல்போன்ஸ் மாட்டுத் தரகர். தோள் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச அரூர் பக்கம் ஆள் கிடையாது. வாய் மழையைப் பற்றிப் பேசும். விரல் மாட்டின் விலையைப் பேசும். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே வருவார், முழித்துக்கொண்டே போவார்.

இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர்களுடைய சிவப்புப் பசு வாய்க்காலில் விழுந்துவிட்டது. அப்பாவும் ஞானராஜ் மாமாவும் சேர்ந்து தூக்கினார்கள். கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிப்பது ஞானராஜ் மாமாதான். பசு எழுந்து வாலை ஆட்டிவிட்டுப் போனது. அப்பாதான் எழவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் ஞானராஜ் மாமா துணைக்கு வர, அரூர் டாக்டரிடம் பஸ்ஸில் போனார்கள். லூர்துவும் போனாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணுமில்ல. சதைதான் பிடிச்சிருக்கு" என்று ஒரு ட்யூபை எடுத்தார். "இது ஜெல். தைலம் மாதிரி எரியாது, ஜில்லுன்னு இருக்கும். கொஞ்சமா எடுத்து வலிக்கிற இடத்துல மெதுவாத் தேய்க்கணும். புண்ணு மேலயும் கண்ணுலயும் படக்கூடாது. தேய்ச்ச கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடணும். அசையாம படுத்தே கிடக்காதீங்க, முதுகு இன்னும் இறுகிப்போகும். கொஞ்சம் கொஞ்சமா நடங்க."

லூர்து அத்தனையையும் வாய்ப்பாடு மாதிரி மனசில் போட்டுக்கொண்டாள். வாசல் பக்கம் நின்ற ஞானராஜ் மாமாவும் கழுத்தை நீட்டிக் கேட்டார். ஆனால் பாதியில் பஸ் ஹாரன் அடிக்க, வெளியே ஓடிவிட்டார்.

இதெல்லாம் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மணி அழுதது.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் நேராகப் போய் ஞானராஜ் மாமாவைக் கேட்டாள். "யாருக்குங்க துக்க மணி அடிச்சீங்க?"

"துக்க மணியா? எப்பவும் போலத்தானே அடிச்சேன்" என்றார் அவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊரே பேசியது. கை அடித்தது எப்பவும் போல, மணி அழுதது வேறு மாதிரி. அப்படியென்றால் அடித்தது யார் கை?

புதன்கிழமை உச்சி வெயிலில் மறுபடி டங்... டங்... ஏழு அடி.

வியாழக்கிழமை ஐந்து.

"ஒம்போது, ஏழு, அஞ்சு" என்று தீர்த்தம்மாள் விரல் மடக்கினாள். "நாளைக்கு மூணு. நாளான்னைக்கு ஒண்ணு. அப்புறம்..." அவள் முடிக்கவில்லை. அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள். கொண்டுவந்த ரசத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போனாள். தீர்த்தம்மாள் சத்தம் போடாமல் போனதை லூர்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அப்பா ரசத்தைத் தொடவில்லை. கஞ்சியையும் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

"மருந்தாவது தடவிக்கோங்கப்பா" என்றாள் லூர்து.

"போற ஆளுக்கு எதுக்குக் கண்ணு மருந்து? ட்யூப் வீணாயிடும். அப்படியே வெச்சிருங்க, யாருக்காவது ஆகும்."

அன்று சாயங்காலம், பாப்பாரப்பட்டியிலிருந்து பெரியண்ணன் என்பவர் சிவப்புப் பசுவை விலைக்குக் கேட்டு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, அப்பாவின் கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தார். பாதி விலைக்குத்தான் பிடித்தார். தரகில் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அப்பாவின் கை அசையவே இல்லை.

"நீங்க சொல்றதே இருக்கட்டுங்க" என்றார் அப்பா.

பெரியண்ணனின் முகம் வெளுத்தது. இருபது வருஷமாக அல்போன்ஸுடன் பேரம் பேசுகிறவர் அவர். துண்டுக்கு அடியிலிருந்து, பாம்பைத் தொட்டுவிட்டவர்போலக் கையை உருவினார். "ஐயோ, இந்த விலைக்கு வாங்கினா எனக்குத் தூக்கம் வராதுங்க. நீங்க எந்திரிச்ச பின்னால பேசிக்கலாம்." செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அதைப் பார்த்தபிறகு லூர்துவுக்குப் புரிந்தது. முதுகு வலியில் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் அந்த மணி இப்படியே அடித்தால் அப்பா பயத்திலேயே போய்விடுவார்.

மணியை யார் அடிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு ஆகச் சில நிமிஷங்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, வெயிலுக்காக மட்டுமில்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. லூர்துவின் நிழல் காலுக்குக் கீழே சுருண்டு ஒளிந்துகொண்டது. தானும் அப்படி எங்கேயாவது ஒளிந்துகொண்டால் நன்றாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

கோயில் முற்றத்துக்கு வந்தபோது, தலைக்கு மேலே டங்... என்றது.

அவளுடைய பற்கள் அதிர்ந்தன.

மணிக்கூண்டின் அடியில் ஒரு சின்ன அறை. கதவு ஒருக்களித்திருந்தது. லூர்து கதவைத் தள்ளினாள். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒரே இருட்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு தெரிந்தது. மேல்தளத்து ஓட்டை வழியே தொங்கும் தடித்த மணிக்கயிறு.

அதை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனால் அது தானாகவே மேலே ஏறியது. நின்றது. கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

ஓடு, ஓடு என்றது கால். 'நீ ஓடினால் நாளைக்கு ஒரு அடி. அப்புறம்?' என்றது மனசு. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள்.

கயிறு ஈரமாக இருந்தது. ஜில்லென்று, வழவழவென்று, ஏதோ ஒன்று நாக்கால் நக்கிவிட்டுப் போனதுபோல.

அவளுக்குப் பின்னால், கதவின் மறைவிலிருந்து, யாரோ முனகினார்கள்.

"ஆ... ஆ..."

லூர்து கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் ஒரு வாசனை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியும் பச்சைக் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு குளிர்ந்த வாசனை. வீட்டில் மூடி திறந்த ட்யூபிலிருந்து வந்த அதே வாசனை.

பேய் எதற்கு வலி மருந்து தடவுகிறது?

அவள் திரும்பினாள். கதவுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார் ஞானராஜ் மாமா. சட்டை ஒரு பக்கம் கழன்றிருந்தது. தோள் முழுவதும் ஜெல் மினுமினுத்தது. இட்லிக்குச் சட்னி ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருந்தார்.

"மாமா! நீங்களா?"

"சத்தம் போடாத புள்ள!" என்று கெஞ்சினார் அவர். "அன்னைக்கு உங்க பசுவைத் தூக்கினதுல எனக்கும் தோளு போச்சு. அரூர் மருந்துக் கடையில அதே ட்யூபு நானும் ஒண்ணு வாங்கிக்கிட்டேன். மணியடிக்கப் போறப்ப தடவிக்கிட்டா வலி தெரியாதுன்னு பார்த்தேன். இழுத்தா கயிறு நழுவி, மணி ஆடுறதுல தானா ஏறி இறங்குது. மறுபடி பிடிக்கிறதுக்குள்ள உசுரு போகுது. சரி, இன்னும் கொஞ்சம் தடவலாம்னு தடவினா, இன்னும் நழுவுது! நாளுக்கு நாள் ஒம்போது அடியை முடிக்கவே முடியல!"

"தடவின கையைக் கழுவினீங்களா?"

"எதுக்குக் கழுவணும்? மருந்து வீணாயிடாதா?"

லூர்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "டாக்டர் சொன்னாரே! நீங்க பாதியில பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. அது சரி, கேட்டவங்ககிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

மாமா தலையைக் குனிந்தார். "பதினெட்டு வருசம். ஒரு நாள் மணி தப்பினதில்ல. இவனுக்குத் தோளு போச்சுன்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுருவாங்களேன்னு..."

மேலே மணி இன்னும் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அடுத்த அடிக்காகக் காத்திருப்பது லூர்துவுக்கு நினைவு வந்தது. கட்டிலில் அப்பாவும் காத்திருப்பார்.

அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கயிற்றில் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். டங்! கயிறு அவளையும் சேர்த்து ஒரு முழம் மேலே தூக்கியது.

"விட்டுப் பிடி புள்ள, விட்டுப் பிடி!" என்று மாமா எழுந்து வந்து, இடது கையால் கூடப் பிடித்தார்.

மூன்று அடி, சின்ன நிறுத்தம். மூன்று அடி, சின்ன நிறுத்தம். மறுபடி மூன்று.

தெருவில் எங்கோ ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. யாரோ சோற்றுத் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

"வூட்டுல சொல்லிடாத சாமி" என்றார் மாமா.

லூர்து தரகர் மகள். மாமாவின் இடது தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவருடைய இடது கைமேல் போட்டாள். அடியில் கைவிட்டு ஒரு விரலைப் பிடித்தாள்.

"இது ஒண்ணு. மருந்து கொஞ்சமாத்தான் தடவணும். தடவினதும் கை கழுவணும்."

"சரி."

இரண்டாவது விரல். "தோளு ஆறுற வரைக்கும் நீங்க இழுக்கக் கூடாது. நான் வந்து இழுப்பேன். நீங்க எண்ணிக்கிட்டு நின்னாப் போதும். மணி தப்பாது."

மாமாவின் கண் கலங்கியது. "சரி புள்ள."

மூன்றாவது விரலை அவள் இறுக்கிப் பிடித்தாள். "இப்பவே வந்து எங்கப்பாகிட்ட நடந்ததைச் சொல்லணும்."

"அதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"ஒரே விலைதான் மாமா."

அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்துக் கதை முழுவதையும் கேட்டார். மாமாவின் தோளை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் சாகலையா?"

"இல்லைங்க" என்றார் மாமா, தப்புச் செய்தவர்போல.

"மூணு நாளாப் பட்டினி கிடந்தேனேய்யா! அந்த ரசமாவது இருக்குதா மிக்கேலு?"

ரசம் குடித்து, சோறும் சாப்பிட்ட பிறகு, அம்மா ஒரு சுண்டைக்காய் அளவு ஜெல்லை எடுத்து அவர் முதுகில் மெதுவாகத் தேய்த்தாள். "யப்பா, என்ன ஜில்லு!" என்று அவர் நெளிந்தார். அம்மா கையைக் கழுவும்வரை லூர்து சோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சாயங்காலம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

மணியின் கதையை அவர் தீர்த்தம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. "கயிறு கொஞ்சம் கெட்டுப் போச்சாம். இப்பச் சரியாயிடுச்சாம்" என்றார். தரகர்களுக்கு எதைத் துண்டுக்கு அடியில் வைக்கவேண்டும் என்று தெரியும்.

பத்து நாள் கழித்துப் பெரியண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். அப்பா கட்டில்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு விழுந்தது. விரல் பிடிபட்டது.

"இந்த வருசம் மழை எப்படிங்க?" என்றார் அப்பா சிரித்தபடி.

"மழை... ஐயோ... மழை நல்லா... ஆ! விடுங்க, விடுங்க, ஒத்துக்கிறேன்!"

பெரியண்ணன் கையை உருவி, விரல்களை ஊதிக்கொண்டார். ஆனால் முகமெல்லாம் சந்தோஷம். "இதுதான் பேரம்! யம்மாடி புள்ள, அந்த ட்யூபுல கொஞ்சம் கொடு. விரலு சதை பிடிச்சுக்கிச்சு."

லூர்து துளியளவு பிதுக்கிக் கொடுத்தாள். அவர் விரலில் தேய்த்துக்கொண்டு, "இப்பக் கையைக் கழுவணுமா?" என்றார்.

"வலி விரல்லதானேங்க? கழுவினா மருந்து போயிடும்" என்றாள் லூர்து. "ஆனா போற வழியில கோயில் மணிக்கயித்தை மட்டும் தொட்டுடாதீங்க."